பலா மரம் இருந்த படம்

என்னிடம் இல்லாத ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில், செம்மண் பூமியில் எங்கள் ஆயா வீடு. தோட்டத்துக் கதவைத் தாண்டினால் முந்திரித் தோப்பு. தோப்பு தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு பலா. இரண்டு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரம். இடுப்பில் உட்கார்ந்த குழந்தை மாதிரி அடிமரத்திலேயே காய் தொங்கும். 2007 மே மாதம் அந்த மரத்தடியில் எடுத்த படம் அது. ஆயா சாக்கை விரித்து உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள், விரல்கள் மேல் அடுப்புச் சாம்பல். "வேலையப் பாக்க வுடுடா" என்று சொல்லிக்கொண்டே கட்டையை ஓங்குகிறாள். அந்த நேரத்தில் எடுத்தேன்.

அப்போது நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கேமரா என்னுடையது இல்லை, விடுதியில் என் அறையில் தங்கியிருந்த நெய்வேலி நண்பனுடையது. அந்தச் சனி, ஞாயிறு அவனும் என்னோடு ஊருக்கு வந்திருந்தான். திங்கட்கிழமை சிதம்பரம் திரும்பியதும் மேல வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். கார்டில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக ஆர்குட்டில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் கார்டைக் காலி செய்து, கேமராவைத் துடைத்து, அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படம் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தது. ஏற்றியாயிற்று என்பது வேறு, நம்மிடம் இருக்கிறது என்பது வேறு. அந்த வயதில் எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஆர்குட்டைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூகுளில் வேலை பார்த்த ஆர்குட் புயூக்கோக்டென் என்ற துருக்கிப் பொறியாளர் 2004 ஜனவரியில் தொடங்கியது. அவருடைய பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறந்த அமெரிக்காவை விட பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் அது வேர்விட்டது. முதலில் யாராவது அழைப்பு அனுப்பினால்தான் உள்ளே போக முடியும். உள்ளே போனவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்க்ராப் புத்தகம். அதில் நண்பர்கள் வந்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். "சாயங்காலம் வா, இட்லி கொத்சு சாப்பிடலாம்" என்பதைக்கூட அறைக்கு வந்து சொல்ல மாட்டான், ஸ்க்ராப்பில்தான் எழுதுவான். நம்மைப் பற்றி நண்பர்கள் எழுதித் தரும் டெஸ்டிமோனியல் என்று ஒன்று உண்டு. அதை வாங்குவதற்குக் காண்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் நாங்கள்.

ஆயா படத்தைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். பரங்கிப்பேட்டை நண்பன் ஒருவன், "உங்க ஆயா கையால ஒரு சுளையாவது வாங்கித் தரணும், இல்லன்னா என்கிட்ட பேசாத" என்று எழுதினான். அடுத்த வாரமே ஒரு பழத்தைச் சாக்கில் கட்டி, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் பஸ் முழுக்கப் பலா வாசனை. விடுதியில் ஒரு மணி நேரம்கூட அது தாங்கவில்லை. கையெல்லாம் பிசினோடு அன்று ராத்திரி என் ஸ்க்ராப் பக்கத்தில் ஆளாளுக்கு ஆயாவுக்கு நன்றி எழுதினார்கள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஊருக்குப் போனபோது நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அந்தப் பரங்கிப்பேட்டைப் புள்ள என்ன எழுதுச்சு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று கேட்டுக்கொண்டாள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் அந்த ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தோப்பு போனால் ஒரு தலைமுறைச் சோறு போயிற்று என்று பெரியவர்கள் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆயா, விழுந்து கிடந்த பலாவின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அழவில்லை. தான் கல்யாணமாகி வந்த வருஷமே அது காய்த்துக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னாள். அதற்கு அடுத்த அடுத்த வருஷம் அவளும் போய்விட்டாள். வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படம், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் இருப்பது வெயிலில் வரிசையில் நின்று களைத்த ஒரு முகம், எங்கள் ஆயாவின் முகமே இல்லை.

இதற்கிடையில் ஆர்குட்டை விட்டுவிட்டு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டோம். யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. சந்தைக்குப் போனவர்கள் அப்படியே குடி மாறியது போலப் போனோம். 2014 ஜூன் 30 அன்று, ஆர்குட்டை மூடப் போகிறோம் என்று கூகுள் அறிவித்தது. செப்டம்பர் 30-இல் மூடினார்கள். ஆனால் படங்களையும் எழுதியவற்றையும் இறக்கி எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை, இரண்டு வருஷம், கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் முகவரியை நான் திறந்து பார்ப்பதையே விட்டிருந்தேன். 2017 பொங்கலுக்கு மாமா, "ஆயா படம் நல்லதா ஒண்ணு இருந்தா குடுப்பா, ஃபிரேம் போடலாம்" என்று கேட்டார். கேட்டவுடன் மனதுக்குள் அந்தப் பலா மரம் வந்து நின்றது. ஓடிப்போய்த் தேடினேன். நாலு மாதம் தாமதம். மரத்தைப் புயல் கொண்டுபோனது. படத்தைத் தொலைத்தது நான்தான்.

சிதம்பரத்தில் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு அறை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்கிறது திருமுறை கண்ட புராணம். பாடியவர்களே வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று தீட்சிதர்கள் சொல்ல, சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தானாம். உள்ளே ஏடுகள் மேல் கரையான் புற்று. எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்துத்தான் ஏடுகளை எடுத்தார்கள். கரையான் தின்றது போக மிஞ்சியவை 796 பதிகங்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. அந்த மன்னனை ராஜராஜன் என்பார்கள். கூடப் போய் ஏடுகளை எடுத்து ஒழுங்குபடுத்தியவர் நம்பியாண்டார் நம்பி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர்க்காரர்.

அதே காட்டுமன்னார்கோயில்தான் நாதமுனிகளின் ஊர். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கோயிலில் பத்துப் பாசுரம் பாடினார்கள். ஆயிரத்தில் இது பத்து என்று அந்தப் பாட்டே சொன்னது. கேட்டுவிட்டு அவர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. மீதி எங்கே என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணம் போனார், அங்கிருந்து ஆழ்வார்திருநகரி போனார், நாலாயிரத்தையும் பெற்றுக்கொண்டு திரும்பினார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. சைவத்துக்கு ஒருவர், வைணவத்துக்கு ஒருவர். தொலைந்துகொண்டிருந்ததைத் தேடிப்போய் எடுத்துவைத்த இரண்டு பேரும் எங்கள் கடலூர் மாவட்டத்தில் ஒரே வட்டாரத்துக்காரர்கள். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன். என் படம் தொலைந்த பிறகுதான் அந்த இருவரையும் நன்றியோடு நினைத்தேன்.

இந்த வருஷம் நான் இன்னொரு சமூக வலைத்தளக் கணக்கை மூட முடிவு செய்தேன். பதினாலு வருஷக் கணக்கு. ராத்திரி தூக்கமும், காலை நிம்மதியும் அதில் போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை அவசரப்படவில்லை. மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில், கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்கா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். செட்டிங்ஸில் 'உங்கள் தகவலை இறக்கிக்கொள்ள' என்று ஓரிடம் இருந்தது. கேட்டுவிட்டு ஒருநாள் காத்திருந்தோம். ஒரு ஜிப் கோப்பு வந்தது. திறந்தோம்.

தமிழ் எதையும் படிக்க முடியவில்லை. நான் எழுதியிருந்த இடமெல்லாம் தலைக்குக் கொம்பு முளைத்த அயல் எழுத்துகளும், எண்களும், கோடுகளும். "மாமா, நீங்க ஜேசான்னு குடுத்திருக்கீங்க. அது மெஷின் படிக்கிறது" என்றாள். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்தோ குறியோ மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் எழுத்து. இந்தக் கோப்பு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி எழுதிவிட்டது. 'ஆயா' என்ற சொல்லில் ஆ, ய, துணைக்கால் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒன்பது துண்டாகச் சிதறிக் கிடந்தன. "அழியல மாமா, சேத்துப் படிச்சா திரும்ப வந்துடும். ஆனா உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம், ஹெச்டிஎம்எல்னு கேளுங்க" என்றாள். மறுபடி கேட்டோம். காலத்தை 'தொடக்கத்திலிருந்து' என்றும், படத்தின் தரத்தை 'உயர்' என்றும் மாற்றிக் கேட்டோம். மறுநாள் வந்த கோப்பில் தமிழ் தமிழாகவே இருந்தது.

அப்புறம்தான் உண்மையான இழப்பு கண்ணில் பட்டது. நான் எழுதியது எல்லாம் இருந்தது. எந்த நாளில், எந்த ஊரில், எந்த போனில் உள்ளே நுழைந்தேன் என்பதுகூட வரிசையாக இருந்தது. எனக்கு மற்றவர்கள் எழுதியது இல்லை. அப்பா இறந்த அன்று நான் எழுதிய மூன்று வரி வந்திருந்தது. அதற்குக் கீழே அறுபது பேர் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவரிடம் டியூஷன் படித்தவர்கள், திருப்பாப்புலியூர் கடைக்காரர்கள், இருபது வருஷமாகப் பேசாமல் இருந்த சித்தப்பா. அதில் ஒரு வரி வரவில்லை. அவர்கள் எழுதியது அவர்களுடைய தகவல் என்பது தளத்தின் கணக்கு. நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் என் பக்கத்தை நான் எதற்காக அவ்வப்போது போய்த் திறந்து பார்த்தேன்? நான் எழுதியதைப் படிக்கவா? சித்தப்பா எழுதியதைப் படிக்கத்தான்.

நாலு சாயங்காலம் உட்கார்ந்தேன். முக்கியமான பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எல்லாக் கருத்துகளையும் விரித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அப்பாவைப் பற்றி எழுதியவற்றை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதினேன். சித்தப்பா எழுதியதை எழுதும்போது அவரிடமே போன் போட்டேன். "அத இன்னும் வச்சிருக்கியாடா?" என்று கேட்டார். பிறகு முக்கால் மணி நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார். அந்தத் தளத்தில் பதினாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது அந்த முக்கால் மணி நேரம்தான்.

மூடாமல் விட்டுவைத்தால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-இல் மூடியது. யாஹூ குழுமங்களில் வருஷக்கணக்கில் எழுதிக் குவித்தவை அதே 2019 கடைசியில் அழிக்கப்படத் தொடங்கின. மைஸ்பேஸ் தன் சர்வரை மாற்றியபோது 12 வருஷமாக மக்கள் ஏற்றிவைத்த பாட்டெல்லாம் போய்விட்டதும் 2019-இல்தான் வெளியே தெரிந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, நம் கிராமத்துப் பிள்ளைகள் ஆடியதும் பாடியதும் ஒன்றிரண்டு நாளில் கைக்கு எட்டாமல் போயின. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. நம்முடையதை நாம் எடுத்து வைத்திருந்தோமா என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் இதில் நமக்குப் பாதித் துணைதான். ஐரோப்பாவில் 2018 மே முதல், ஒருவர் தன் தகவலைப் பயன்படுத்தத்தக்க வடிவில் கையோடு எடுத்துப் போவது சட்டப்படியான உரிமை. நம் நாட்டில் 2019-இல் கொண்டுவந்த மசோதாவிலும் அந்த உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், திருத்தக் கேட்கலாம், அழிக்கக் கேட்கலாம், ஆனால் எடுத்துச் செல்லும் உரிமையைக் காணோம். அழித்துக் கொடு என்று கேட்க முடிகிற குடிமகனுக்கு, அதற்கு முன் எடுத்துக் கொடு என்று கேட்கவும் உரிமை வேண்டும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இறக்கியதை எங்கே வைப்பது என்பதைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே, 2015 வெள்ளம் என்று மூன்றையும் பார்த்தவர்கள் நாம். பீரோவில் பூட்டி வைத்த கல்யாண ஆல்பங்கள் சேற்றில் ஒட்டிப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தால் அது ஒரு பிரதிதான். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். தேவாரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஏட்டில் இல்லாமல் போன சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், போன நூற்றாண்டில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. தில்லையில் கரையான் தின்றிருந்தாலும், அங்கே ஒரு சுவர் வைத்திருந்தது.

ஆகவே, கணக்கை மூட நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மூடுங்கள், தவறே இல்லை. ஆனால் கோபத்தில் ஒரு ராத்திரியில் மூடாதீர்கள். ஃபேஸ்புக்கில் அழிக்கச் சொன்ன பிறகு மனம் மாறினால் திரும்பி வர 30 நாள்தான் அவகாசம். எல்லாம் முழுதாக அழிய 90 நாள் வரை ஆகும், ஆனால் 30 தாண்டிவிட்டால் நமக்கு வழியில்லை. முதலில் முழுத் தகவலையும் இறக்குங்கள். இறக்கியதைத் திறந்து, தமிழ் படிக்க வருகிறதா, பழைய படம் திறக்கிறதா என்று பாருங்கள். மற்றவர்கள் உங்களுக்கு எழுதியதைத் தனியாக எடுங்கள். அந்தக் கணக்கை வைத்து வேறு எந்தச் செயலியில் நுழைகிறீர்கள் என்று பார்த்து, அதை மாற்றுங்கள். உங்களிடம் இருக்கும் மற்றவர்கள் படத்தை அவரவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களிடம் அது இல்லாமல் இருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு மூடுங்கள்.

கடைசி நாள் வேலையாக, நானும் பழைய நண்பர்களுக்கு அவரவர் படங்களை அனுப்பினேன். நெய்வேலி நண்பனுக்கு அனுப்பியபோது ஆயா படத்தைப் பற்றியும் கேட்டேன். "டேய், இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கியா?" என்றான். அவனிடமும் அந்தப் படம் இல்லை. இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். கார்டைக் காலி செய்வதற்கு முன்பே, தன் அம்மாவுக்குக் காட்டுவதற்காகத் தன் படம் ஒன்றை மட்டும் சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டிருக்கிறான். அது அவன் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அந்தப் பிரிண்ட்டை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வைத்துவிட்டோம். நெய்வேலியில் ஒன்று, என்னிடம் ஒன்று, பெங்களூரில் மாமா வீட்டில் ஒன்று. நடுவில் நண்பன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் பலாவின் அடிமரம், அதில் இரண்டு காய். இடது ஓரத்தில் ஒரு கை, கையில் கட்டை, விரல்களில் சாம்பல். ஆயாவின் முகம் அந்தப் படத்தில் இல்லை.